அடிக்காத மணி

என் நண்பனுடைய காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். சில மாதங்கள் அவனும், அவன் மனைவியும், அவன் பாடும் தேவாலயத்தில் பாதிப் பேரும் அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நம்பினார்கள். அது உண்மையல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு பேக்கரியும் ஒரு இஸ்திரிக் கடையும்தான். அவன் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். இவன் படித்து, டெலிபோன் இலாகாவில் சேர்ந்து, பெங்களூருக்கு வந்து இங்கேயே ஓய்வு பெற்றான். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அதனால் அவனுக்கு நான் எப்போதும் வாத்தியார்தான். வயதில் இருவரும் ஒன்று. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தோம்.

அவனுக்கு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது அலுப்பாக இருக்கிறது, வாத்தியாரைப் போல நானும் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறான். ஓட்டலாம், ஆனால் நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அந்த இடத்திலேயே இறங்கி நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டும்போது அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்க என்னிடம் வந்தான்.

எனக்கு அது பிடித்த வேலை. சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தும் ஜி.பி.எஸ். கம்ப்யூட்டர் ஒன்று நானும் வாங்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. வேகம், தூரம், வழி, ஏற்றம் எல்லாம் காட்டும். மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் நாடித்துடிப்பையும் காட்டும். ஒரு மாதம் இணையத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மாடலையும் அலசினேன். பேட்டரி எவ்வளவு நேரம் வரும், வெயிலில் திரை தெரியுமா, மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று எல்லாம் படித்தேன். படித்ததை எல்லாம் அவனிடம் ஒப்பித்தேன். அவன் கொட்டாவி விட்டான்.

தொம்மலூர் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"அங்கிள், இதுல மேப்பு இருக்கு. வழி தப்பினா அதே சொல்லும்."

"எனக்கு மேப்பு இன்னாத்துக்குப்பா?" என்றான் நண்பன். "நான் வாத்தியார் பின்னாடியே போறவன். அவரு தொலைஞ்சா நானும் தொலைஞ்சேன். எனக்கு சத்தம் வேணும். நூத்தி இருபது தாண்டினா கத்தணும். எங்க, கத்த வுடு பாப்போம்."

கடைக்காரர் எதையோ அமுக்கினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அது கிறீச்சிட்டது.

"அய்யோ, எங்க மாமியார் குரலேதான்! இதையே கட்டு."

அன்றிலிருந்து அந்த மணிச் சத்தத்துக்கு மாமியார் என்று பெயர். தொடுதிரை வேண்டாம், வியர்வைக் கையோடு தொட்டால் தறிகெட்டுப் போகும், பட்டன் வைத்ததையே வாங்கு என்று நான் சொன்னேன். வாங்கினான். அந்த யந்திரத்தின் விஷயத்தில் நான் அவனுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு மேப்பும், முன்னால் வரப்போகும் ஏற்றத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் தீட்டிக் காட்டும் வசதியும் உள்ளதை வாங்கிக்கொண்டேன்.

அவனுக்கு நான்தான் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தேன். "நாடித்துடிப்பு என் கண்ணுல படவே கூடாது வாத்தியாரே, அதப் பாத்தாலே ஏறும்" என்றான். அதனால் அவன் திரையில் கடிகாரமும் கிலோமீட்டரும் மட்டும் பெரிய எழுத்தில் தெரியும்படி செய்தேன். நாடிக்கு மணிச் சத்தம் மட்டும். மார்புப் பட்டையைக் கட்டும் முன் ஈரப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் துடிப்பைப் பிடிக்காது. தினமும் காலையில் குழாயடியில் அதை நனைத்துவிட்டு, "ஞானஸ்நானம் ஆச்சு, போலாமா?" என்பான். மழை வரும் முன் காற்றழுத்தம் இறங்கும்போது, வாசலில் நின்றபடியே நாங்கள் சில மீட்டர் உயர்ந்துவிட்டதாக என் யந்திரம் சொல்லும். "பரலோகத்துக்கா?" என்று கேட்பான்.

முதல் நாள் கிளம்பும்போது அவன் மனைவி வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"அண்ணா, அந்த சத்தம் கேட்டா நீங்க நின்னுடணும். இவரு நிக்க மாட்டாரு. நீங்க நின்னாத்தான் இவரு நிப்பாரு."

அதுவே எங்கள் வழக்கமாயிற்று. நான் முன்னால், அவன் பின்னால். பின்னால் மணி அடிக்கும். "மாமியார்!" என்று அவன் கத்துவான். நான் பிரேக் பிடிப்பேன். துடிப்பு இறங்கும்வரை இருவரும் சாலையோரம் நின்று, போகிற வருகிறவர்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்போம். மற்ற நாள்களில் அல்சூர் ஏரியைச் சுற்றினோம். சனிக்கிழமை மட்டும் ஹென்னூரைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் நீண்ட ஓட்டம். யந்திரத்துக்குச் சார்ஜ் போடுவது, புதுப்பிப்பது எல்லாம் அவனுக்குத் தலைவலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். என்னுடையதும் அவனுடையதும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜ் ஏறும்.

அந்த வடக்குச் சாலையில் ஒரு ஏற்றம் இருந்தது. பெரிய மலை ஒன்றும் இல்லை. பாதி தூரத்தில் ஒரு புங்க மரம். உச்சியில் ஒரு கோழிப்பண்ணை. யந்திரத்தோடு சேர்ந்த செல்போன் செயலியில் அந்த ஏற்றத்துக்கு யாரோ ஒரு பெயர் வைத்து, ஏறியவர்களை எல்லாம் வேகப்படி வரிசைப்படுத்தியிருந்தார்கள். வயதுவாரியாகவும் பார்க்கலாம். என் வயதுக்காரர்களில் நான் மூன்றாவது.

மூன்றாவது என்பது என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலையில் இருந்தபோது நான் எதிலும் முதலாவதாக வந்தவன் அல்ல. துறைத் தலைவர் பதவி என்னைவிட இளையவருக்குப் போனது. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் முகம் தெரியாத இரண்டு கிழவர்கள் எனக்கு மேலே இருப்பதை ஒரு நாளைக்குப் பலமுறை செல்போனில் எடுத்துப் பார்த்தேன். சாப்பிடும்போதுகூடப் பார்த்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாக அந்தப் புங்க மரத்தடியில் அவன் மணி அடிக்கும். நான் நிற்பேன். நின்றால் என் நேரம் போயிற்று.

தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கோழிப்பண்ணை நாய்களுக்கு நான் பயந்தேன். அவன் கூட இருந்தால் கன்னடத்திலும் தமிழிலும் அவற்றைத் திட்டியே விரட்டிவிடுவான். எனக்கு அவன் துணை வேண்டும், அவன் மணி வேண்டாம். அவனைப் பத்திரமாகக் கூட்டிப் போகிறேன் என்று ஊரில் பெயர் எனக்கு. உண்மையில் அவன்தான் என்னைக் கூட்டிப் போனான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவன் யந்திரம் என் அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, அதை எடுத்து நூற்றிருபதை நூற்றைம்பதாக மாற்றினேன். பட்டனை அமுக்க அமுக்க எண் ஏறிக்கொண்டே போனது. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் வயது, எடை, இத்தனை மாதப் பயிற்சி என்று ஒரு கணக்கையும் போட்டேன். விடையை முதலில் வைத்துக்கொண்டு அளவை மாற்றி எழுதும் மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் எழுந்து நிற்க வைத்தவன் நான்.

மறுநாள் காலையில் ஏற்றம் தொடங்கியது. என் திரையில் பச்சை போய் மஞ்சள் வந்தது. புங்க மரம் வந்தது, கடந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"வாத்தியாரே!" என்று கத்தினான். "மரம் தாண்டியாச்சு! மாமியார் வாயே தொறக்கல!"

"உனக்கு ஃபிட்னெஸ் ஏறிடுச்சுப்பா!" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "விடாத, மிதி!"

யந்திரத்தை மாற்றியதை விட அந்த வார்த்தைகள்தான் என்னை அதிகம் குத்துகின்றன. அவன் சிரித்துக்கொண்டே என் பேச்சை நம்பி மிதித்தான்.

உச்சிக்குப் போனதும் நான் முதலில் என் திரையைப் பார்த்தேன். என் நேரத்தைப் பார்த்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கீழே சாலையோரத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் பக்கத்தில் விழுந்து கிடந்தது. நான் இறங்கி வருவதற்குள் முகம் சாம்பலாகிவிட்டது. "நெஞ்சு மேல யாரோ குந்தினு இருக்கற மாரி இருக்குது" என்றான். காய்கறி ஏற்றிய ஒரு சரக்கு ஆட்டோ வந்தது. ஓட்டுநர் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து, "பேகா ஹத்தி சார், பேகா" என்று கன்னடத்தில் எங்களை அவசரமாக ஏறச் சொன்னார். கோஸ் மூட்டையில் அவன் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "சைக்கிளு?" என்றான். "எடுத்தாச்சு" என்றேன். எடுக்கவில்லை.

இன்னொரு அடைப்பு இருந்திருக்கிறது. மறுபடி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டான். நல்ல வேளை உடனே கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆண்டவர்தான் உங்கள அவரோட அனுப்பினாரு அண்ணா. நீங்க மட்டும் இல்லன்னா..."

அவன் சட்டை, மார்புப் பட்டை, நான் கைப்பிடியிலிருந்து கழற்றி வைத்திருந்த யந்திரம் எல்லாம் ஒரு பாலிதீன் பையில் என் மடியில் இருந்தன. அவர் மருந்து வாங்கப் போனதும், அந்த நடைவழி நாற்காலியில் உட்கார்ந்தபடியே நூற்றைம்பதை மறுபடியும் நூற்றிருபதாக மாற்றினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் வீடு திரும்பிய பின், அது ஏன் அடிக்கவில்லை என்ற கேள்வி வந்தது. மனைவி யந்திரத்தைக் கடைக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் பட்டையைத் தானே கட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே ஒரு சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்தார். நூற்றிருபதைத் தாண்டியதும் மாமியார் கூரை அதிரக் கத்தினாள்.

"மிஷின் சரியா இருக்கு ஆன்ட்டி. அன்னைக்கும் அடிச்சுத்தான் இருக்கும். அங்கிளுக்குக் கேட்டிருக்காது."

வீட்டில் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று கேட்டபோதுகூட அப்படி வாடவில்லை.

"அப்ப நான் உங்கிட்ட சத்தமே இல்லன்னு கத்தினனே, அப்ப அது அடிச்சிக்கினுதான் இருந்திச்சா?"

"உங்களுக்குக் கேட்டுச்சா அண்ணா?" என்று மனைவி என்னைக் கேட்டார்.

"எதிர்க்காத்தும்மா" என்றேன். "நானும் கொஞ்சம் முன்னாடி போயிட்டேன். அடிச்சிருக்கலாம்."

"பாவம், நீங்க எத்தனைய பாப்பீங்க" என்று எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

காது பரிசோதனைக்குப் போனார்கள். இந்த வயதில் யாருக்கும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "இன்னா? திருப்பி சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தான். நன்றாகக் கேட்டதைக்கூட நம்பாமல் கேட்டான். முப்பது வருஷமாகத் தேவாலயப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவன். சுதி விலகி மானம் போவதற்குள் நாமே விலகிக்கொள்வது மரியாதை என்று சொல்லி, குழுவிலிருந்து நின்றுவிட்டான். அறுப்பின் பண்டிகைக்கு அவன் தனியாகப் பாடும் ஒரு பகுதி உண்டு. அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நான் ஒவ்வொரு நாளும் அவனைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

அவன் பிழைத்ததற்காக அவர்கள் வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். போதகர் ஜெபத்தில், தக்க சமயத்தில் உதவிய அந்த அன்பு நண்பருக்காகவும் உம்மைத் துதிக்கிறோம் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பிறகு பாட்டு. கூடத்தில் இருந்த எல்லாரும் பாடினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் வாயை மட்டும் அசைத்தான். குரல் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தான். அப்போதும் நான் சொல்லவில்லை. என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எல்லாம் அவன் மனோதைரியம் என்றேன்.

காதுக்கு வைக்கும் கருவிக்கு அளவு கொடுக்க மறுநாள் போவதாக இருந்தார்கள். காலையில் நான் போனபோது மனைவி சந்தைக்குப் போயிருந்தார். அவன் மட்டும் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"நீ இன்னைக்கு அங்க போக வேண்டாம்" என்றேன்.

"இன்னா? திருப்பி சொல்லு."

"உன் மிஷின நான் மாத்தினேன்பா. நூத்தி இருபத நூத்தி அம்பதா மாத்தினேன். நான் ஃபர்ஸ்டு வரணும்னு. ஆஸ்பத்திரில மறுபடி பழையபடி வெச்சுட்டேன். அன்னைக்கு அது அடிக்கவே இல்ல."

அவன் பேப்பரை மடித்தான். வெளியே ஒரு தள்ளுவண்டி போயிற்று. அதன் ஒலிபெருக்கி கொத்தமல்லி, புதினா, பாலக் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே பேக்கரியைத் தாண்டி, இஸ்திரிக் கடையைத் தாண்டி, தேய்ந்து மறைந்தது. அதுவரை அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்குக் காது கேக்குதா?"

"கேக்குது."

அவன் சிரித்தான். முழுதாக, தோள் குலுங்கச் சிரித்தான். நான் தயாராகி வந்தது வசவுக்கு. அந்தச் சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அது நின்றது. நின்றதும் அவன் என்னைப் பார்த்த பார்வை வேறு.

"வந்தியா?"

"என்ன?"

"ஃபர்ஸ்டு."

"வந்தேன்."

"இப்ப இருக்கிறியா?"

"இல்ல. அந்த வாரமே வேற ஒருத்தர் தாண்டிட்டாரு."

"அடப்பாவி" என்றான். அதற்கு மேல் திட்டவில்லை. மடித்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "என் வூட்டுக்காரிகிட்ட சொல்லாத" என்றான்.

"இல்லப்பா, அவங்ககிட்ட நான் சொல்லியே ஆகணும்."

"எதுக்கு? உன் மனசு லேசாவறதுக்கா? நீ சொல்லிட்டு போயிடுவ. அப்பறம் அவ என்னை வாசப்படி தாண்ட வுடுவாளா? ஒன்னும் சொல்ல வேணாம். நீயே வெச்சிக்கினு இரு."

எழுந்துபோய் யந்திரத்தை எடுத்து வந்தான். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

"எந்த பட்டன்? காட்டு."

காட்டினேன். என் கையை ஒதுக்கிவிட்டுத் தானே செய்தான். தப்பாக அமுக்கி வெளியே வந்தான். மறுபடி உள்ளே போனான். நூற்றிருபதைத் தானே வைத்து, அணைத்து, மறுபடி போட்டு, அதே எண் இருக்கிறதா என்று பார்த்தான். அப்புறம் அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினான். அன்றிலிருந்து அது என் அலமாரிக்கு வருவதில்லை.

காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தாயிற்று என்று மனைவியிடமும் தேவாலயத்திலும் சொல்லிவிட்டான். குழுவில் மறுபடி பாடுகிறான். தனிப்பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அவன் மனைவி இன்றும் என்னை அண்ணா என்றுதான் அழைக்கிறார். ஆண்டவர் அனுப்பிய ஆள் என்றுதான் புதிதாக வருபவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துகிறார். நான் தலையைக் குனிந்துகொள்வதை அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அன்று சாலையோரம் விட்டுவந்த சைக்கிள்களைக் கோழிப்பண்ணைக்காரர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். டாக்டர் மறுபடியும் அனுமதித்த பிறகு அவற்றை எடுத்தோம். அவன் என்னை அழைக்கவில்லை. அவன் கிளம்பும் நேரத்துக்கு நானாகப் போய் நின்றேன். அவனும் போ என்று சொல்லவில்லை. வடக்குச் சாலைக்குப் போவதில்லை. அல்சூர் ஏரிக்கரையோடு சரி. இப்போது அவன் முன்னால் போகிறான், நான் பின்னால். ஏரியின் கோடியில், சாலை லேசாக ஏறும் இடத்தில், சில நாள் மணி அடிக்கிறது. அவன் உடனே இறங்கி நிற்கிறான். நானும் நிற்கிறேன். "மாமியார்" என்று இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை. ஹெல்மெட்டோடு மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கிறான்.

"கேட்டுச்சா வாத்தியாரே?"

"கேட்டுச்சுப்பா" என்கிறேன்.